சேலத்து வக்கீலும் நூறு ரூபாய் நஷ்டஈடும்

[திரையில்: பழைய தீர்ப்புத் தொகுப்பு ஒன்றின் பக்கம்]

1884-ஆம் ஆண்டின் சென்னை உயர் நீதிமன்ற வழக்கு இது. வாதியின் பெயர் ‘விஜய ராகவ’ என்று மொட்டையாக அச்சாகியிருக்கிறது. சேலத்து வக்கீல். பிரதிவாதியோ லண்டனில் இருந்த இந்திய விவகார அமைச்சர்! அரசாங்கத்தின் மீது வழக்குப் போடுவதென்றால் அந்த அமைச்சர் பெயரில்தான் அன்று போட வேண்டியிருந்தது. கம்பெனி ஆட்சி முடிந்தபோது, 1858-இல் வந்த ஏற்பாடு அது.

சேலம் சி. விஜயராகவாச்சாரியாரை 1920 நாக்பூர் காங்கிரஸ் மாநாட்டின் தலைவராகச் சிலர் அறிந்திருப்பீர்கள். எனக்கென்னவோ, அந்தப் பதவியைவிட அவருடைய முப்பது வயதுதான் பெரிதாகத் தெரிகிறது.

[திரையில்: சேலம், பழைய வரைபடம்]

1852-இல் செங்கற்பட்டுப் பக்கம் பொன்விளைந்தகளத்தூரில் பிறந்தவர். ஆசிரியராக இருந்தபடியே, வகுப்புக்குப் போகாமல், தானாகச் சட்டம் படித்துத் தேறினார். 1881-இல் சேலத்தில் தொழில் தொடங்கினார். மறு வருடம் நகரசபை உறுப்பினர்.

அந்த 1882-இல்தான் சேலத்தில் பெருங்கலவரம் மூண்டது. மசூதி ஒன்று இடிக்கப்பட்டது. அதைத் தூண்டியவர் என்று இவரைக் கூண்டில் ஏற்றினார்கள். 10 ஆண்டு தண்டனை! மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

பிழைத்தோம் என்று வீட்டோடு இருந்திருக்கலாம். ஆனால் இதற்கிடையில் அரசாங்கம் அவருடைய நகரசபைப் பதவியைப் பறித்திருந்தது. அதை அவர் விடவில்லை. நீக்கும் அதிகாரம் அரசாங்கத்துக்கு இருக்கலாம். அந்த அதிகாரம் சட்டப்படி செலுத்தப்பட்டதா என்று கேட்க நீதிமன்றத்துக்கு உரிமை உண்டா இல்லையா? வழக்கின் உயிர்நாடி இதுதான். வென்றார். பதவி திரும்பக் கிடைத்தது. நஷ்டஈடு 100 ரூபாய். ஒரு மொபசல் வக்கீலுக்கு அரசாங்கம் எண்ணிக் கொடுத்த அந்த நூறு ரூபாயை நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

தமக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொன்னவர்களையும் நீதிமன்றத்துக்கு இழுத்தார். பின்னாளில், 1895 முதல் 1901 வரை, சென்னை சட்டசபையிலும் உட்கார்ந்தார்.

[திரையில்: கடல்]

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவர் வெளியே வந்துவிட்டார். அதே கலவர வழக்கில் சிக்கிய மற்றவர்கள் அந்தமான் சிறையில் கிடந்தார்கள். அவர்களுக்காக வைஸ்ராய் ரிப்பன் பிரபு வரை முறையிட்டார். அவர்களும் விடுதலையானார்கள்.