கவரோடு போய் மெஷின் பாருங்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கொலுசுக் கடைகளுக்கு லேபிள் என்று எல்லாம் அடிக்கிறோம். இன்று தபால் கவரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கில் கவர் அடிக்க, கம்ப்யூட்டரிலிருந்து நேராக அடிக்கும் டிஜிட்டல் மெஷின் வாங்கலாமா, வாங்கினால் எதை?

எல்லாக் கவரிலும் ஒரே லோகோ, ஒரே அனுப்புநர் முகவரி என்றால் டிஜிட்டல் வேண்டாம், தகடு செய்து அடிக்கும் மினி ஆஃப்செட்டே மலிவு. 5,000 கவருக்கு 5,000 விலாசம் என்று வரும்போதுதான் டிஜிட்டலுக்கு வேலை.

கடையில் நிமிஷத்துக்கு 40 பக்கம் என்பார்கள். அது ஏ4 தாளுக்குச் சொல்லும் கணக்கு. கவர் தாள் இல்லை, பை. ஓரிடத்தில் இரண்டு மடிப்பு, ஒட்டின இடத்தில் மூன்று, உள்ளே காற்று வேறு. லேசர் மெஷினில் டோனர் தூளை உருக்கி ஒட்டவைக்கும் ஃப்யூசர் கிட்டத்தட்ட 200 டிகிரி சூட்டில் அழுத்துகிறது. காற்று போக வழியில்லாமல் கவர் சுருங்கும். மடிப்பு மேட்டில் விழுந்த எழுத்து பாதி உதிர்ந்துவிடும்.

நான் பட்ட பாட்டையும் சொல்கிறேன். ஏற்காட்டிலிருந்து ஒரு வேலை. கவரும் அவர்களே கொடுத்தார்கள். ஐப்பசி மழையில் மலைமேல் அலமாரியில் கிடந்த கவர். 1,500 மீட்டர் உயரம், மூட்டம் ஜன்னல் வழியாக அறைக்குள் வந்து உட்காரும் ஊர். ஈரம் குடித்த கோந்து ஃப்யூசர் சூட்டில் இளகி, வெளியே வந்த கவரில் பாதி தானாகவே ஒட்டிக்கொண்டிருந்தது. காலிக் கவரை ஒட்டிக் கொடுத்தால் யார் காசு கொடுப்பார்கள்? அன்றிலிருந்து மலையிலிருந்து வரும் கவரை இரண்டு நாள் கடையிலேயே பிரித்து வைத்துவிட்டுத்தான் மெஷினில் ஏற்றுகிறேன். சித்திரை வெயிலில் கதை தலைகீழ். காய்ந்த கவர்கள் ஒன்றோடொன்று ஒட்டி, இரண்டிரண்டாக உள்ளே போகும். கவர்க் கட்டை நன்றாக விசிறிவிட்டு வைத்தால் பாதித் தொல்லை குறையும்.

மையைத் தெளித்து அடிக்கும் இங்க்ஜெட்டில் சூடு இல்லை. உள்ளே இருக்கும் விலாசம் தெரிய ஜன்னல் வைத்த கவருக்கு அதுதான் நல்லது. லேசரில் சாதாரண பிளாஸ்டிக் ஜன்னல் உருகிவிடும். ஆனால் மை என்ன வகை என்று கேளுங்கள். சாயம் கரைத்த டை மை மழையில் கரையும், நிறத்தூள் கலந்த பிக்மென்ட் மை தாங்கும். வேலையில்லாத வாரத்திலும் தினம் நாலு கவராவது ஓட்டுங்கள். இல்லையென்றால் மை தெளிக்கும் ஹெட் அடைத்துக்கொள்ளும்.

சரி, மெஷினை எப்படிச் சோதிப்பது? நீங்கள் அடிக்கப்போகிற அதே கவர் 200 எடுத்துப் போய், நிறுத்தாமல் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பின்கதவைத் திறந்தால் கவர் வளையாமல் நேராக வெளியே வருகிறதா பாருங்கள். பல லேசர் மெஷின்களில் ஃப்யூசர் அழுத்தத்தைக் குறைக்க, கவர் படம் போட்ட சின்ன நெம்புகோல் இருக்கும். வாங்கி வருஷமாகியும் அதைத் தொடாதவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், டோனர் இத்தனை பக்கம் வரும் என்பது தாளில் 5 சதவீதம்தான் மை விழும் என்று வைத்துச் சொல்வது. விலாசம் மட்டும் அடித்தால் அதைவிடக் கூடுதலாக வரும், பட்டையாக லோகோ போட்டால் பாதியில் தீரும். கவர் ஓட்டினால், அதை உள்ளே இழுக்கும் ரோலர் சீக்கிரம் தேயும். மாற்று ரோலர் சேலத்திலேயே கிடைக்குமா என்பதை விலை பேசுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

விலாசப் பட்டியலைப் பின்கோடு வாரியாக அடுக்கிவிட்டு அடியுங்கள், தபாலில் கட்டுப் பிரிக்கும் வேலை மிச்சம். பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய பட்டியலென்றால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு கவரின் மூலையிலும் பொடி எழுத்தில் வரிசை எண் போடுங்கள். 2,340-வது கவரில் மெஷின் சிக்கினால், எதுவரை அடித்தோம் என்று அந்த எண்தான் சொல்லும். இல்லையென்றால் ஒருவருக்கு இரண்டு பத்திரிகை போகும், இன்னொருவருக்குப் போகாது. அந்த இன்னொருவர் பெரும்பாலும் மாப்பிள்ளையின் தாய்மாமனாக இருப்பார்.