காலிமுகத்திடல் ஹோட்டலும் கடல் இட்ட உப்பும்

தலைமை வகிக்கும் பெரியவர் அவர்களே, நான் சொல்லவிருந்ததில் பாதியை வரவேற்புரையிலேயே சொல்லி முடித்துவிட்ட செயலாளர் அவர்களே, வேலை நாளென்றும் பாராமல் வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் மாநகரசபை உறுப்பினர்களே, பொறியியலாளர்களே, இடமில்லாமல் பின்னால் நிற்கும் மேசன்மாரே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். மேசன்மாருக்கு மட்டும் இரண்டு வணக்கம். காரணம் கடைசியில் தெரியும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். கடற்கரைக் கட்டடத்துக்கு உப்பிடுவது கடல். நாம் மறந்தாலும் சுவர் மறக்காது.

கொழும்புக் காலிமுகத்திடல் ஹோட்டலின் பிறப்பு, வளர்ச்சி, அங்கே உழைத்த மனிதர், அதன் சமையற்கட்டு என்று நான்கு தலைப்புகளை அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். பார்ப்போம்.

முதலில் திடல்தான் வந்தது. கோட்டைப் பீரங்கிகளுக்கு மறைப்பில்லாத வெளி வேண்டுமென்று ஒல்லாந்தர் வைத்திருந்த நிலம் அது. ஆளுநர் சர் ஹென்றி வார்ட் 1859இல் அதன் கடலோரத்தில் உலாவும் பாதையை முடித்து, கொழும்பின் பெண்கள், குழந்தைகளின் நலனுக்காக இதைத் தம் பின்னவர்கள் பேண வேண்டுமென்று கல்லில் வெட்டிவைத்தார். மறு ஆண்டே சென்னைக்கு ஆளுநராகப் போனவர், போன சில வாரங்களில் காலராவில் இறந்தார். கல் இன்னும் நிற்கிறது.

திடலின் தென்கோடியில் 1864இல் ஹோட்டல் திறந்தது. அன்று பெரிய நீராவிக் கப்பல்கள் கொழும்புக்கு வருவதில்லை, காலித் துறைமுகத்துக்குத்தான் போகும். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1875இல் வேல்ஸ் இளவரசர் கொழும்பு அலைதாங்கிக்கு, அதாவது துறைமுகத்தை அலையிலிருந்து காக்கும் அணைக்கு, அடிக்கல் வைத்தார். 1885இல் அது முடிந்தபோது காலியின் கப்பல்கள் இங்கே திரும்பிவிட்டன. ஹோட்டலை வளர்த்தது அந்த அலைதாங்கிதான் என்பது என் கட்சி. 1894இல் ஹோட்டல் பெரிதாக எழுந்ததை வேறெப்படி விளக்குவது?

இனி மனிதர். ஹோட்டல் வாசலில் நின்று வரவேற்ற சாத்துக்குட்டன். கேரளத்திலிருந்து வந்த அநாதை இளைஞர். 1942இல் வேலைக்குச் சேர்ந்தார். அந்த ஆண்டு ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. நல்ல ராசி! குண்டு ஓய்ந்தது, வெள்ளைக்காரன் போனான், அவர் இருந்தார். 1956 ஜூன் 5இல் இதே திடலில் நம் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் இருந்து அடிபட்டார்கள், அப்போதும் அவர் வேலையில் இருந்தார். 1972இல் நாட்டின் பெயரே மாறியது, அவர் மாறவில்லை. 1982இல் திடலின் வடகோடியிலிருந்த நாடாளுமன்றம் மூட்டை கட்டிக்கொண்டு கோட்டேக்குப் போனது. அவர் எங்கே போவார்? வெள்ளை உடுப்பு, உடுப்பு நிறையப் பதக்கம், அந்த மீசை, கூப்பிய கை. எழுபத்திரண்டு ஆண்டுகள், ஐயா! 2014இல், ஹோட்டலுக்கு 150 வயதான அதே ஆண்டில், 94 வயதில் கண்மூடினார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதற்கு இதைவிட உரை வேண்டுமா?

சமையற்கட்டு நிற்கட்டும். சுவருக்கு வருகிறேன்.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று அலைத்துளியைக் கொண்டுவந்து மேற்குச் சுவரில் அடிக்கிறது. ஈரத்தோடு உப்பும் உள்ளே இறங்கும். ஈரம் காயும்போது உப்பு பளிங்காகிப் பருக்கும். சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும், அதனால் உப்பு மேலே வந்து வெள்ளையாகப் பூக்கும். காய்ந்த தூரிகையால் தட்டிவிடலாம். கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும், கழுவாதீர்கள். அதே சுவரில் சீமெந்து பூசினால் ஈரம் பின்னால் அடைபடும். உப்பு அங்கேயே பருத்து, சில ஆண்டுகளில் பூச்சு பலகை பலகையாகக் கழன்று விழும், கூடவே கல்லின் தோலும். இரும்பு ஆணி, கீல் எல்லாம் துருவேறி ஊதி, தன்னைச் சுற்றியுள்ளதைப் பிளக்கும். பித்தளையே போடுங்கள்.

மேசன்மாரே, உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் இட்டு நீற்ற வேண்டும். அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். குழியில், மேலே தண்ணீர் நிற்க, மூன்று வாரமாவது கிடக்கட்டும். மூன்று மாதமானால் இன்னும் நல்லது. அவசரப்பட்டால் நீறாத கட்டி பிற்பாடு சுவரிலேயே நீறி, பூச்சைப் பொரியாகத் தள்ளும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கழுவிய ஆற்றுமணல். கடல்மணல் கூடவே கூடாது. ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்டக்கூடாது. ஒரு வாரம் ஈரச்சாக்குத் தொங்கவிட வேண்டும்.

எங்கள் விண்ணப்பம் இதுதான். கடலோரப் பழங்கட்டடங்களின் பழுதுபார்ப்பு ஒப்பந்தங்களில் ‘வெளிப்பூச்சு சுண்ணாம்புச் சாந்து’ என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். முன்வரிசைப் பெரியவர்கள் முதலில் கையெழுத்திடலாம். தாள் வாசலில் இருக்கிறது, பேனா செயலாளரிடம்.