நெல்லை, வயலை, மாட்டை

நேயர்களுக்கு வணக்கம். கையில் வேலை இருந்தால் அதைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். வாயை மட்டும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். சற்று நேரத்தில் அது நமக்கு வேண்டும்.

ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பையும் இலக்கணத்தையும் வயலையும் தொழுவத்தையும் வைத்தே எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. பட்டணத்துப் பிள்ளை வயலைப் பார்த்ததே இல்லையே என்பீர்கள். வயலைப் பார்க்காத பிள்ளை உண்டு. சோற்றையும் பாலையும் வாழைப்பழத்தையும் பார்க்காத பிள்ளை உண்டா? தட்டிலிருந்து கிளம்பி வயலுக்குப் போய்விடலாம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. தமிழ் படிக்கிற பிள்ளைகள் எங்கெங்கே தடுக்கி விழுகிறார்களோ, அந்த இடங்களில் பெரும்பாலானவை இந்தச் சின்னச் சின்ன உழவுச் சொற்களுக்குள்ளேயே இருக்கின்றன.

முதலில் வாசிப்பு. 247 எழுத்தையும் ஒப்பித்து முடித்த பிறகுதான் சொல்லுக்குப் போவது என்று பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். வயல், களம், பழம். இந்த மூன்று சொற்களில் தொடங்குங்கள். வ, ய, ல, க, ள, ம, ப, ழ என்று மொத்தம் எட்டே எழுத்து. காலும் இல்லை, கொம்பும் இல்லை, புள்ளி மட்டும்தான். அந்த எட்டை மாற்றி மாற்றி அடுக்கினால் கல், பல், பகல், வளம், கயல், மகள் என்று சொற்கள் வந்துகொண்டே இருக்கும். ஒரு வாரத்தில் பிள்ளை 'வயல்கள்' என்று படித்துவிடும். பன்மைக்கு வேண்டிய 'கள்' அதிலேயே வந்துவிட்டது, கவனித்தீர்களா?

அட்டைக்குச் செலவு வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகையின் வெறும் பக்கம் போதும். காலண்டர் தாள் வேண்டாம், மை பின்பக்கம் தெரிந்து பிள்ளையைக் குழப்பும். எழுத்து உள்ளங்கை அகலம் இருக்கட்டும். படம் வரைந்தால் சொல்லுக்குப் பின்பக்கத்தில் வரையுங்கள். ஒரே பக்கத்தில் இரண்டும் இருந்தால் பிள்ளை படத்தைப் பார்த்து 'மரம்' என்று சொல்லிவிடும்; நாமோ எழுத்தைப் படித்துவிட்டது என்று நம்பிவிடுவோம்.

அந்த முதல் மூன்று சொற்களில் ல, ள, ழ மூன்றும் வந்துவிட்டன. இப்போது சொல்லிப் பாருங்கள்: வாலை, வாளை, வாழை. மாடு வாலை ஆட்டியது. குளத்தில் வாளை துள்ளியது. தோப்பில் வாழை குலை தள்ளியது. முதலாவதுக்கு நாக்கின் நுனி மேற்பல்லின் பின்னால் போய்த் தொடுகிறது. இரண்டாவதுக்கு நாக்கு மடிந்து மேலண்ணத்தைத் தொடுகிறது. மூன்றாவதுக்கு அதே மாதிரி மடிகிறது, ஆனால் தொடுவதில்லை. 'தொடாதே' என்ற ஒரே சொல்லில் ழகரத்தைச் சொல்லிக்கொடுத்துவிடலாம். பிள்ளை 'வாளைப்பளம்' என்று சொன்னால் தப்பு என்று அதட்டாதீர்கள். 'மீனா, மரமா?' என்று கேளுங்கள். தானே திருத்திக்கொள்ளும்.

அடுத்தது காலும் கொம்பும். நம் எழுத்துக்கும் மாட்டைப் போலவே காலும் கொம்பும் இருக்கின்றன, அதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். 'பால்' என்பதில் பகரத்துக்குப் பின்னால் கால். 'நெல்' என்பதில் நகரத்துக்கு முன்னால் ஒற்றைக் கொம்பு. கோழிக்குக் கொம்பு கிடையாது, ஆனால் 'கோ' என்ற எழுத்துக்கு முன்னால் இரட்டைக் கொம்பும் பின்னால் காலும் உண்டு. இங்கேதான் பிள்ளைகள் திணறுவார்கள். கண் முதலில் பார்ப்பது கொம்பை; வாய் முதலில் சொல்ல வேண்டியது நகரத்தை. கொம்பை விரலால் மூடச் சொல்லுங்கள். 'ந' என்று படிக்கட்டும். விரலை எடுத்ததும் 'நெ'. ஒரு சொல்லுக்கு மூன்று தடவை இப்படிச் செய்தால் பிறகு விரல் தேவைப்படாது.

உகர வரிசையை ஒரே மூச்சில் நடத்த வேண்டாம். கடைசி எழுத்தின் உருவத்தைப் பார்த்து மூன்றாகப் பிரியுங்கள். பசு, வரப்பு ஒரு கூட்டம். ஆடு, எரு, உழு இன்னொரு கூட்டம். எருது, கன்று மூன்றாவது கூட்டம். கூட்டத்துக்கு ஒரு வாரம் கொடுங்கள்.

இனி இலக்கணம். வாயை ஒதுக்கி வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

நெல். அவள் எதைக் குத்தினாள்? நெல்லைக் குத்தினாள். வயல். அவர் எதை உழுதார்? வயலை உழுதார். யாராவது 'வயல்லை' என்று சொன்னீர்களா? 'நெலை' என்று சொன்னீர்களா? இரண்டு சொல்லும் அதே லகர மெய்யில்தான் முடிகின்றன. ஒன்றில் அது இரட்டிக்கிறது, இன்னொன்றில் இரட்டிக்கவில்லை. தமிழ் பேசுகிற வீட்டில் வளர்ந்த ஐந்து வயதுப் பிள்ளையும் இதைத் தவறாமல் சொல்லும். இதே செய்தியைப் பெரிய வகுப்பில் 'தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்' என்று மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். வாயில் ஏற்கெனவே இருப்பதை வெளியிலிருந்து புகட்டப் பார்க்கிறோம். பிள்ளைக்கு விதி தெரியும். தனக்குத் தெரியும் என்பதுதான் தெரியாது. நாம் செய்ய வேண்டியது அதை அதன் கண்ணில் காட்டுவது மட்டுமே.

எப்படி? இரண்டு கூடை, பன்னிரண்டு அட்டை. நெல், புல், கல், முள், எள், மண் என்று ஆறு. பால், தேன், ஏர், வேர், வயல், சேவல் என்று ஆறு. கலக்கிப் போடுங்கள். பிள்ளை ஓர் அட்டையை எடுக்க வேண்டும், படிக்க வேண்டும், நீங்கள் 'எதை?' என்று கேட்க வேண்டும். நெல்லை, புல்லை, கல்லை, முள்ளை, எள்ளை, மண்ணை. நாக்கு ஒரு கணம் அழுந்தி நிற்கிறதா, இடது கூடை. பாலை, தேனை, ஏரை, வேரை, வயலை, சேவலை. நாக்கு நிற்காமல் ஓடுகிறதா, வலது கூடை. விதியைச் சொல்லிவிடாதீர்கள். அதைச் சொன்னால் விளையாட்டு அங்கேயே முடிந்தது.

கூடை நிரம்பியதும் இடது பக்கத்துச் சொற்களுக்கெல்லாம் பொதுவாக என்ன இருக்கிறது என்று கேளுங்கள். 'எல்லாம் இரண்டு எழுத்து' என்று சொல்லும். நல்ல பதில், ஆனால் போதாது. வலது கூடையில் உள்ள பாலும் தேனும்கூட இரண்டு எழுத்துதான். இப்போது கை தட்டச் சொல்லுங்கள். நெல்லுக்குக் குட்டையாக ஒரு தட்டு. பாலுக்குக் கையை இழுத்து ஒரு தட்டு. நெடில் என்றால் இரட்டிப்பதில்லை என்று தெரிந்துவிடும். அப்படியானால் வயல்? அதில் இருப்பது குறில்தானே? கை தட்டினால் இரண்டு தட்டு வரும். ஒரே ஒரு குட்டைத் தட்டு இருந்தால்தான் இரட்டிக்கும். இதைப் பிள்ளையே சொல்லும் வரை பொறுங்கள். முதல் நாள் சொல்லாது, மூன்றாம் நாள் சொல்லும். சொன்ன பிறகு 'கண்', 'நெய்', 'மோர்' என்று புதுச் சொல் கொடுத்துச் சோதியுங்கள்.

இதில் நடக்கிற பெரிய தவறு, முதல் நாளே மாட்டையும் மரத்தையும் உள்ளே விடுவது. அவை வேறு கூடை. மாடு மாட்டை, ஆடு ஆட்டை, சோறு சோற்றை, கயிறு கயிற்றை, கிணறு கிணற்றை. இது மூன்றாவது கூடை, டுவும் றுவும் இரட்டிக்கிற கூடை. மரம் மரத்தை, களம் களத்தை, பழம் பழத்தை, இது நான்காவது. வாரத்துக்கு ஒரு கூடை திறந்தால் ஒரு மாதம். அவசரப்பட்டால் நான்கும் கலந்து ஒன்றும் நிற்காது.

வீட்டில் தமிழ் குறைவாகப் பேசும் பிள்ளைகள், வெளிநாட்டில் வார இறுதி வகுப்புக்கு வரும் பிள்ளைகள், 'மாடுவை' என்று சொல்லக்கூடும். பசு பசுவை, எரு எருவை என்று கற்றதை அப்படியே மாட்டுக்கும் பொருத்திப் பார்க்கிறார்கள். அது யோசித்துச் செய்த பிழை. 'ஆமாம், மாட்டைக் கட்டினார்' என்று சரியான வடிவத்தை வாக்கியத்துக்குள் வைத்துத் திருப்பிச் சொல்லுங்கள். பசுவும் எருவும் அந்தப் பிள்ளைக்குக் கொஞ்ச நாள் கழித்து வரட்டும்.

இன்னும் ஒரு நல்ல செய்தி. ஐ உருபுக்குத் தேறிய கூடை கு உருபுக்கும் உதவும். நெல்லுக்கு, வயலுக்கு, மாட்டுக்கு, மரத்துக்கு. அதே நான்கு கூடை, அதே அட்டைகள்.

அடுத்து வினைச்சொல். 'நேற்று நாற்று நட்டார்.' இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே ஒரு வாரம் ஓட்டலாம். நேற்று, நாற்று, காற்று, ஊற்று, கீற்று என்று ஓசை ஒன்றிவரும் சொற்கள் வரிசையாகக் கிடைக்கும். காலத்தில் முதலில் நடந்து முடிந்ததைச் சொல்லிக்கொடுங்கள், அது கண்ணால் பார்த்தது. பிறகு நடுகிறார், நடுவார். 'உழுதார்', 'நட்டார்', 'அறுத்தார்' என்று மூன்று துண்டில் எழுதிக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொல்லுங்கள். அடுக்கிவிட்டால் பொருள் புரிந்து படிக்கிறது என்று அர்த்தம். மூன்றுக்கு மேல் முதலில் வேண்டாம்.

இதற்குப் பொருத்தமானது பயறு நாட்குறிப்பு. பிள்ளைக்கு ஐந்து பச்சைப்பயறு. இரவு முழுக்க ஊறட்டும். காலையில் நீரை வடித்து ஈரத்துணியில் கட்டினால் மறுநாள் முளை தெரியும். கொட்டாங்குச்சியின் கண்ணைக் குத்தித் திறந்து, மணல் கலந்த மண் போட்டு, ஒரு விரற்கடை ஆழத்தில் ஊன்றுங்கள். கண்ணைத் திறக்க மறந்தால் நீர் தேங்கி விதை அழுகிவிடும். நாளுக்கு ஒரு வாக்கியம், இரண்டு சொல்: 'பயறு ஊறியது. முளை வந்தது. வேர் விட்டது. இலை விரிந்தது.' கூடவே இரண்டு பயற்றை ஊறவைக்காமல் காய்ந்த மண்ணில் போட்டு வையுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். அதற்கும் தினமும் ஒரு வாக்கியம் எழுதவேண்டும்: 'முளைக்கவில்லை.' எதிர்மறை வினையை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. இடமிருந்து தரையில் நட்டால் 65, 70 நாளில் காய் முற்றிவிடும். பூ பூத்தது, காய் காய்த்தது என்று பெயரே வினையாகும் அழகும் அதற்குள் கிடைத்துவிடும்.

மாடு வந்தது, மாடுகள் வந்தன. பேச்சில் இரண்டுக்கும் 'வந்துச்சு' என்கிறோம். அதனால் 'வந்தன' பிள்ளைக்குப் புதுச் சொல் மாதிரிதான். வாய்விட்டுப் படித்துப் படித்துத்தான் பழகும். இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மாடு வளர்க்கிற வீட்டில் 'லட்சுமி வந்துட்டா' என்பார்கள். பிள்ளையும் 'லட்சுமி வந்தாள்' என்று எழுதும். சிவப்பு மையால் அடித்துவிடாதீர்கள். பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்று அன்பால் சொன்னால் அது பிழையாகாது, திணை வழுவமைதி என்று நம் இலக்கணமே இடம் கொடுத்திருக்கிறது. 'லட்சுமி உனக்கு யார்?' என்று கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டு மாட்டுக்கு என்ன எழுதுவாய் என்று கேளுங்கள். 'வந்தது' என்று வந்தால் திணை புரிந்துவிட்டது.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். மரபுச் சொற்களுக்கு விரிவாக நேரம் வைத்திருந்தேன், ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். மாட்டுக்குக் கன்று, ஆட்டுக்குக் குட்டி, கோழிக்குக் குஞ்சு, தென்னைக்குப் பிள்ளை. சேவல் கூவும், கோழி கொக்கரிக்கும். நாற்று நடுவது, களை பறிப்பது, நெல் தூற்றுவது, நீர் பாய்ச்சுவது. பட்டியலாக ஒப்பிக்க வைக்க வேண்டாம். ஒருநாளைக்கு ஒரு சோடி, வாக்கியத்தில் வைத்து. இலை வரிசையும் அப்படித்தான்: வாழைக்கு இலை, தென்னைக்கு ஓலை, கரும்புக்குத் தோகை, நெல்லுக்குத் தாள். சோளத்துக்கும் முருங்கைக்கும் என்னவென்று வீட்டில் பெரியவர்களிடம் பிள்ளையையே கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். வணக்கம்.