நாலு குரலில் ஒரு முழுப் பாட்டு: கேம் பாயில் சிப்டியூன்

[கறுப்புத் திரை. பாட்டு மட்டும்.]

இப்போது ஓடுவது வெறும் பத்து வினாடிப் பாட்டு. கண்ணை மூடிக்கொண்டு எத்தனை வாத்தியம் என்று எண்ணிப் பாருங்கள். கிக் டிரம் கேட்கிறது, அடியில் பேஸ் ஓடுகிறது. டிஷ் டிஷ் என்று ஒரு ஸ்நேர், நடுவில் மினுமினுக்கிற கார்டு, மேலே மெலடி, அதன் பின்னாலேயே மெலிசாக எதிரொலி. ஆறு என்று எண்ணியிருப்பீர்கள்.

[பாட்டு நிற்கிறது. மேஜை மேல் சாம்பல் நிற கேம் பாய்.]

ஆறும் இதிலிருந்துதான் வந்தது. 1989-ல் வெளியான முதல் கேம் பாய், நிண்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவி. நாலு பென்சில் பேட்டரி, 160-க்கு 144 புள்ளித் திரை, ஒரு சின்ன ஸ்பீக்கர். இதன் ஒலிச் சிப்பில் ஒரு நேரத்தில் நாலு குரல்தான் பாட முடியும். ஐந்தாவது கிடையாது. நாலு எப்படி ஆறாகிறது என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம். இப்படி ஒலிச் சிப்பில் செய்யும் இசைக்குப் பெயர்தான் சிப்டியூன். அதன் மேல் எனக்கு இவ்வளவு ஆசை வந்ததே இந்தக் கணக்கினால்தான்.

முதலில் நாலு பேரையும் அறிமுகம் செய்துவிடுகிறேன்.

[திரையில்: சதுர அலை.]

ஒன்றும் இரண்டும் பல்ஸ் சானல்கள். அலை மேலே போகும், நிற்கும், கீழே விழும், நிற்கும். மேலே எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் குரலின் தன்மை. 12.5, 25, 50, 75 சதவீதம் என்று நாலே தேர்வு. 50-ல் குரல் உள்ளே வெற்றிடம் உள்ளது போல, உருண்டையாக இருக்கும். 12.5-ல் மூக்கால் பாடுகிற மாதிரி மெலிந்துவிடும். 25-க்கும் 75-க்கும் காதில் வித்தியாசமே தெரியாது. ஒன்று மற்றொன்றின் தலைகீழ், அவ்வளவுதான். ஆக உண்மையில் மூன்று குரல்.

மூன்றாவது வேவ் சானல். இதில் அலையை நாமே வரையலாம். கட்டம் போட்ட தாளை நினைத்துக்கொள்ளுங்கள்: குறுக்கே 32 கட்டம், உயரத்தில் 16 படி. அதற்குள் மலை வரைந்தால் மென்மையான பேஸ், ரம்பப் பல் வரைந்தால் கரகரப்பு.

நாலாவது நாய்ஸ், அதாவது இரைச்சல். ரெஜிஸ்டர் என்ற ஒரு சின்ன நினைவுப் பெட்டி, 15 பிட் கொண்டது, உருண்டுகொண்டே இருந்து 0, 1 என்று தாறுமாறாகத் துப்புகிறது. 32,767 முறை உருண்ட பிறகுதான் அதே வரிசை திரும்ப வருகிறது, அதனால் நமக்கு மழைச் சத்தம் போலக் கேட்கிறது. இதையே 7 பிட்டுக்குச் சுருக்கினால் 127 முறையிலேயே திரும்பிவிடும். அந்தத் திரும்புதலைக் காது ஒரு சுருதியாகப் பிடித்துக்கொள்கிறது. தகரத்தைத் தட்டியது போல ஒரு ஒலி. இரைச்சலுக்குள் சுருதி ஒளிந்திருப்பதை முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

[திரையில்: கார்ட்ரிட்ஜைச் செருகும் கை.]

சரி, இதில் பாட்டு எழுதுவது எப்படி? விளையாட்டு இருக்க வேண்டிய கார்ட்ரிட்ஜில் இசை மென்பொருளை ஏற்றிக்கொள்ள வேண்டும். ஜெர்மனியின் ஆலிவர் விட்ஷோ 1998-ல் நானோலூப் செய்தார். ஸ்வீடனின் யோஹான் கோட்லின்ஸ்கி செய்தது லிட்டில் சவுண்ட் டிஜே, சுருக்கமாக எல்எஸ்டிஜே. நான் பயன்படுத்துவது இரண்டாவது.

இது டிராக்கர் வகை. ஸ்வரங்கள் மேலிருந்து கீழே வரிசையாக இறங்கும். ஒவ்வொரு வரியும் ஒரு ஸ்டெப். 16 ஸ்டெப் சேர்ந்தால் ஒரு ஃப்ரேஸ், ஃப்ரேஸ்களைக் கோத்தால் செயின், செயின்களை நாலு பத்தியில் அடுக்கினால் பாட்டு. எண்கள் எல்லாம் ஹெக்ஸாடெசிமலில் இருக்கும். 9-க்குப் பிறகு ஏ, பி என்று எஃப் வரை போகும். இரண்டு நாள் தடுமாறுவீர்கள், மூன்றாம் நாள் பழகிவிடும்.

இப்போது கணக்குக்கு வருவோம். டிக் என்பது மென்பொருள் எண்ணும் மிகச் சிறிய நேரத் துண்டு. நிமிடத்துக்கு 120 தாள அடி வேகம் வைத்தால், ஓர் அடிக்கு 24 டிக், அதாவது வினாடிக்கு 48 டிக். வழக்கமாக ஒரு ஸ்டெப்புக்கு 6 டிக். நாலு ஆறாகும் வித்தை முழுக்க இந்த டிக்குகளுக்குள்தான் நடக்கிறது.

[திரையில்: ஃப்ரேஸ். ஒரு வரியில் மட்டும் வெளிச்சம்.]

கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். கார்டு என்றால் மூன்று ஸ்வரம் சேர்ந்து ஒலிக்க வேண்டும். ஒரு சானலுக்கு ஒரு வாய்தான். அதனால் சி என்ற கட்டளை கொடுத்து, பக்கத்தில் 37 என்று எழுதுகிறோம். சானல் முதல் டிக்கில் அடிப்படை ஸ்வரத்தையும், அடுத்ததில் மூன்று அரைச்சுரம் மேலேயும், அதற்கடுத்து ஏழு அரைச்சுரம் மேலேயும் பாடிவிட்டு மறுபடி முதலுக்கு வரும். வினாடிக்கு 16 சுற்று. காது அதைப் பிரித்துப் பார்ப்பதை விட்டுவிட்டு மைனர் கார்டு என்று ஏற்றுக்கொள்கிறது. 37-ஐ 47 ஆக்கினால் மேஜர். சிப்டியூன் என்றதும் நினைவுக்கு வரும் அந்த மினுமினுப்பு இதுதான்.

எதிரொலிக்கும் தனிச் சானல் வேண்டாம். மெலடி மூச்சு விடும் இடைவெளியில், சற்று முன் பாடிய ஸ்வரத்தையே வால்யூம் குறைத்து எழுதிவிட்டால் போதும்.

அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த இடம்: வேவ் சானல். கிக், பேஸ் இரண்டையும் இதிலேயே வைத்திருக்கிறேன். 0-வது ஸ்டெப்பில் கிக். அது வேறொன்றுமில்லை, உயரத்தில் தொடங்கிப் படாரென்று கீழே விழும் ஒரு ஸ்வரம். 2-வது ஸ்டெப்பில் பேஸ் வந்துவிடுகிறது. 4-ல் மறுபடி கிக், 6-ல் பேஸ். கிக் அடிக்கும்போது பேஸ் இல்லவே இல்லை. ஆனால் யாருக்கும் அது தெரிவதில்லை, ஏனென்றால் விழுந்து முடிகிற கிக்கே அடியை நிரப்பிவிடுகிறது. கிக்கை ஒரு டிக் அதிகம் இழுத்தால் பேஸ் திணறும். ஒரு டிக் குறைத்தால் அடியில் உடம்பு இருக்காது. ஒரு முழு மாலை இந்த ஒரு டிக்குக்காக உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. பல கார்ட்ரிட்ஜ்களில் பாட்டுகளைக் காப்பாற்றி வைத்திருப்பது உள்ளே இருக்கும் ஒரு காசு அளவு பேட்டரி. அது தீர்ந்தால் பாட்டும் போய்விடும். என்னுடையது அப்படி ஒரு நாள் தீர்ந்தது. திரையைத் திறந்தால் எல்லாப் பத்தியும் காலி. மூன்று மாத வேலை. கணினியில் பிரதி எடுத்து வையுங்கள், ஒவ்வொரு வாரமும்.

[திரையில்: மேடை விளக்குகள். கையில் கேம் பாய்.]

இனி மேடை. ஹெட்ஃபோன் துளையிலிருந்தே ஒலியை எடுக்கலாம். பலர் உள்ளே சால்டர் வைத்து, வால்யூம் சக்கரத்துக்கு முன்னாலேயே ஒலியை வெளியே கொண்டுவருகிறார்கள். இரைச்சல் குறையும், பேஸ் நன்றாக இறங்கும். பின்னால் வந்த கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி மாடலில் ஹெட்ஃபோன் துளையே இல்லை. வாங்கும் முன் கவனியுங்கள்.

பட்டனை அழுத்திவிட்டுத் தலையாட்டுவதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. எல்எஸ்டிஜேயில் மேடைக்கென்று இருக்கும் லைவ் மோடைப் பார்த்தால் அப்படிக் கேட்க மாட்டார்கள். அதில் நாலு பத்தியும் தனித்தனியாக ஓடும். புதிய செயினைத் தேர்ந்தெடுத்தால் அது உடனே பாயாது. ஓடிக்கொண்டிருப்பது முடியும்வரை காத்திருக்கும். அதனால் வாசிப்பவர் எப்போதும் சில அடிகள் முன்னால் யோசிக்க வேண்டும். கூட்டம் குதிக்கப் போகும் இடத்தை, அது வருவதற்கு முன்பே விரல் அழுத்தியிருக்க வேண்டும். இரண்டு கேம் பாய்களை லிங்க் கேபிளில் இணைத்து எட்டு சானல் வைத்துக்கொள்பவர்களும் உண்டு. எனக்கென்னவோ ஒன்றே போதும்.

2006-ல் நியூயார்க்கில் தொடங்கிய ப்ளிப் ஃபெஸ்டிவல் இதற்கென்றே நடந்த விழா. கேம் பாயின் டெட்ரிஸ் இசையை உருவாக்கிய ஹிரோகாசு தனாகாவே பின்னாளில் சிப் தனாகா என்ற பெயரில் மேடையேறினார்.

சரி, ஆரம்பத்தில் கேட்ட அதே பத்து வினாடியை மறுபடி போடுகிறேன். இந்தத் தடவை பல்ஸ் இரண்டையும் நாய்ஸையும் மியூட் செய்துவிட்டேன். மூன்றாவது சானல் மட்டும். கிக் எங்கே முடிகிறது, பேஸ் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள்.

[கறுப்புத் திரை. வேவ் சானல் மட்டும், பத்து வினாடி.]