தள்ளிவிட்ட மீதி

சட்ட மாணவ நண்பர்களே,

நீதிமன்றத்துக்குப் போகாமல் தகராறைத் தீர்க்கும் வழிகளைச் சொல்லும் மாற்றுமுறைத் தீர்வு என்ற பாடத் தாளைப் பல பேர் எப்படிப் படிக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். தேர்வுக்கு முந்தின ராத்திரி பேச்சுவார்த்தை, மீடியேஷன், கன்சிலியேஷன் (சமரசம்), ஆர்பிட்ரேஷன் என்று நாலு தலைப்பை மனப்பாடம் செய்து எழுதினால் பாஸ். அப்படிப் படிப்பதற்குப் படிக்காமலே இருக்கலாம் என்பேன்.

நடுவர் ஒருவர் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் ஆர்பிட்ரேஷன் உங்களுக்குப் பழகிய உலகம்தான். அங்கேயும் வாதம், சாட்சி, தீர்ப்பு எல்லாம் உண்டு. 1958-ஆம் வருட நியூயார்க் ஒப்பந்தம் இருப்பதால், ஒரு நாட்டில் வாங்கிய நடுவர் தீர்ப்பை 170-க்கும் மேற்பட்ட நாடுகளில் அமல்படுத்தக் கேட்கலாம். இதையெல்லாம் புத்தகம் வைத்தே படித்துவிடலாம். சிக்கல் மீடியேஷனில்தான். அங்கே நடுவில் இருக்கும் மீடியேட்டர் தீர்ப்புச் சொல்ல மாட்டார், இரு தரப்பும் பேசித் தாங்களே உடன்பாட்டுக்கு வர உதவுவார்.

முதல் வருடத்திலிருந்து உங்களுக்குக் கொடுக்கும் பயிற்சி என்ன? கட்சிக்காரர் ஒரு மணி நேரம் பேசினால், சட்டத்துக்கு வேண்டிய ஐந்து வரியை எடு, மீதியைத் தள்ளு. நீதிமன்றத்துக்கு அது சரி. மீடியேஷனில் விஷயமே அந்த மீதிக்குள்தான் இருக்கிறது.

வகுப்பில் ஒரு ரோல் பிளே வைத்துக்கொள்வோம். பிரிந்துபோன இரண்டு தொழில் கூட்டாளிகள். வழக்கு பணத்துக்காக. இருவருக்கும் பொதுவாக ஒரு தாள், ஆளுக்கு ஒரு ரகசியத் தாள். பணம் கேட்பவரின் ரகசியத் தாளில், தான் வடிவமைத்த பொருளில் தன் பெயர் இருக்க வேண்டும் என்ற ஆதங்கம். எதிராளிக்கோ பெயர் போடுவதில் ஆட்சேபணையே இல்லை, உடனே கொடுக்கக் கையில் பணம்தான் இல்லை. மூட் கோர்ட் என்னும் மாதிரி நீதிமன்றத்தில் பிரமாதமாகப் பேசுகிறவர்கள்தான் பெரும்பாலும் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். தொகையை ஏற்றி இறக்கிச் சண்டை போட்டுவிட்டு வெறுங்கையோடு எழுந்து வருவார்கள். ‘இந்தப் பணம் உங்களுக்கு எதற்காக வேண்டும்?’ என்று ஒருத்தராவது கேட்டிருந்தால் கதை வேறு. மீடியேட்டர் தனித்தனியாக உட்கார்த்திப் பேசுவதும் இதைக் கேட்கத்தான். அங்கே சொன்னதை அனுமதி இல்லாமல் மறுதரப்பிடம் சொல்லக் கூடாது என்பதால்தான் மனிதர்கள் வாயைத் திறக்கிறார்கள்.

அதற்காக எல்லாத் தகராறையும் மீடியேஷன் மேசைக்கு இழுத்து வரக் கூடாது. 1976-இல் ஹார்வர்டு பேராசிரியர் ஃபிராங்க் சாண்டர் ஒரு யோசனை சொன்னார்: தகராறு எப்படிப்பட்டது என்று பார்த்து, அதற்குப் பொருத்தமான வழிக்கு அனுப்ப வேண்டும். சில தகராறுக்குப் பொருத்தமான வழி நீதிமன்றம்தான் என்பதும் அதில் அடக்கம், ஆனால் அந்தப் பாதியை வசதியாக மறந்துவிடுகிறோம். காசில்லாதவர் வேறு வழியின்றி ஒப்புக்கொள்வது நியாயம் ஆகாது என்று 1984-இல் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் ஓவன் ஃபிஸ் கடுமையாகவே எழுதினார். அடி வாங்கிய மனைவியை அடித்தவன் எதிரே உட்காரவைத்தால் அவள் மௌனம்கூடச் சம்மதம் மாதிரித் தெரியும். ‘இது மீடியேஷனுக்கு வேண்டாம்’ என்று சொல்லத் தெரிவதும் இந்தப் பாடம்தான்.

அப்புறம் ஒன்று. பாதி மதிப்பெண்ணை ரோல் பிளேவுக்குக் கொடுங்கள் என்று உங்கள் ஆசிரியர்களிடம் கேளுங்கள். எப்படித் திருத்துவது என்பார்கள். உடன்பாடு வந்ததா என்று பார்க்க வேண்டாம். எதிரே இருந்தவரின் ரகசியத் தாளில் என்ன இருந்திருக்கும் என்று கடைசியில் எழுதச் சொல்லி, அதற்கு மார்க் போடட்டும்.