எனக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கும் தொண்டர்

[காட்சி: பெசன்ட் நகர் கடற்கரை, ஞாயிறு காலை. கையுறை மாட்டிய இளைஞர்கள் மணலில் குப்பை பொறுக்குகிறார்கள்.]

இவர்களிடம் மைக்கை நீட்டி, "எதற்காக வருகிறீர்கள்?" என்று கேட்டால் என்ன பதில் வரும் என்பது நமக்கே தெரியும். ஊருக்கு நம்மால் ஆனதைச் செய்யலாம் என்று வந்தோம் என்பார்கள். "வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்ட ஒரு சான்றிதழ் வேண்டும்" என்றோ, "விடுமுறை நாளில் அறையில் தனியாகக் கிடக்கப் பிடிக்கவில்லை" என்றோ கேமரா முன்னால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தொண்டு என்றால் அதில் தன்னலம் துளியும் கலக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்திருக்கிறோம். கல்லூரிகளில் நடக்கும் நாட்டு நலப்பணித் திட்டத்தின் குறிக்கோள் வாசகமே "எனக்காக அல்ல, உனக்காக" என்பதுதான்.

அந்த "எனக்காக" என்பதைக் குற்றமாகப் பார்க்காமல், உட்கார்ந்து அளந்து பார்த்தவர் மார்க் ஸ்னைடர். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்துச் சமூக உளவியலாளர்.

[காட்சி: 1974 என்ற எண். ஒரே மனிதர் கல்யாண வீட்டில், அலுவலகத்தில், டீக்கடையில்.]

அவர் பெயரை முதலில் வெளியே கொண்டுவந்தது 1974-ல் வெளியான ஓர் ஆய்வு. இடத்துக்குத் தகுந்தபடி பேச்சையும் முகத்தையும் மாற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. எங்கே போனாலும் ஒரே மாதிரி இருப்பவர்களும் உண்டு. இந்த வேறுபாட்டை அளக்க, சரி அல்லது தவறு என்று பதில் சொல்லும் 25 வாக்கியங்களை அவர் தயாரித்தார். மேடை நடிகர்கள் அதில் அதிக மதிப்பெண் எடுத்தார்கள். எதிர்பார்க்கக்கூடியதுதான். இதைத் தனி வீடியோவாகத்தான் பேச வேண்டும். இப்போது தொண்டுக்கு வருவோம்.

[காட்சி: சென்னை மருத்துவக் கல்லூரியின் பழைய புகைப்படம். 1986.]

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் அதைக் கண்டுபிடித்தார்கள். அந்த நோயைச் சுற்றி அப்போது இருந்த பயம் வயதில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று நம்பி, குடித்த டம்ளரைக்கூடத் தனியாக வைத்த காலம்.

அமெரிக்காவிலும் இதே நிலைதான். ஆனாலும் எய்ட்ஸ் நோயாளிகளோடு துணைக்கு இருக்க, சமைத்துப் போட, மருத்துவமனைக்கு அழைத்துப் போக முன்பின் தெரியாதவர்கள் முன்வந்தார்கள். சம்பளம் கிடையாது. உறவுக் கடமை கிடையாது. போதாக்குறைக்கு, இந்த வேலைக்குப் போகிறார்கள் என்று தெரிந்ததும் சொந்த நண்பர்களே அவர்களிடமிருந்து சற்று விலகி நின்றதையும் ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. இவர்கள் ஏன் வருகிறார்கள்? வந்தவர்களில் யார் நிலைக்கிறார்கள்? ஸ்னைடரும் ஆலன் ஓமோட்டோவும் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்.

[காட்சி: திரையில் 1995. தொண்டர்களின் நிழலுருவங்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. சில மட்டும் நிற்கின்றன.]

116 தொண்டர்களை இரண்டரை ஆண்டுக் காலம் தொடர்ந்து பார்த்து, 1995-ல் முடிவை வெளியிட்டார்கள். இரக்க குணம் அதிகம் உள்ளவர்கள்தான் நீண்ட நாள் இருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? அந்தக் குணத்தை வைத்து யார் எத்தனை நாள் இருப்பார் என்று கணிக்க முடியவில்லை. இந்த நோயைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும், என்னை நானே வளர்த்துக்கொள்ள வேண்டும், என்மேல் எனக்கு மதிப்பு கூட வேண்டும் என்று தனக்கான காரணங்களோடு வந்தவர்களே அதிக நாள் நீடித்தார்கள்.

இதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். லூயிஸ் பென்னரும் மார்சியா ஃபிங்கெல்ஸ்டீனும் 1998-ல் இதே போன்ற எய்ட்ஸ் தொண்டர்களை ஆராய்ந்தபோது, பிறர் நலம் கருதும் எண்ணத்துக்கும் தொண்டு நீடிப்பதற்கும், குறிப்பாக ஆண்களிடம், தொடர்பு இருப்பதைக் கண்டார்கள். தன்னலம் வென்றது, பொதுநலம் தோற்றது என்று தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் தனக்கென்று ஒரு காரணம் வைத்திருப்பவர் போலித் தொண்டர் என்ற நம் ஊர்ப் பேச்சு ஆதாரமில்லாதது. அந்தப் பேச்சு எனக்கு எப்போதுமே எரிச்சல் தருவது.

[காட்சி: இரவு. நீலாங்கரை கடற்கரையில் டார்ச் வெளிச்சம். மணலில் ஆமையின் தடம்.]

பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் மாதங்களில், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடக்கிறார்களே, அந்தக் கூட்டத்தைப் பாருங்கள். மாணவர்கள் 1988 முதல் செய்துவரும் வேலை இது. மணலில் தடத்தைப் பிடித்து, கூட்டைக் கண்டுபிடித்து, கையால் தோண்டி நூற்றுச் சொச்சம் முட்டைகளை எடுத்துக் குஞ்சு பொரிப்பகத்தில் கொண்டுபோய்ப் புதைக்க வேண்டும். உயிரியல் படிக்கும் பெண்ணுக்கு அது பாடம். ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு நாலு நண்பர்கள். வேறொருவருக்கு, வீட்டுக் கவலையை மறந்து நடக்க ஓர் இரவு. முட்டைக்கு இதில் எந்தக் குறையும் இல்லை.

கில் கிளாரி, ஸ்னைடர் முதலானவர்கள் 1998-ல் வெளியிட்ட கட்டுரை இப்படிப்பட்ட காரணங்களை ஆறாகப் பிரித்து, 30 கேள்விகளால் அளந்தது. கொள்கை, கற்றல், நட்பு வட்டம், தொழில், மனச்சுமையிலிருந்து தப்பித்தல், தன்மதிப்பு. அழைப்பு விளம்பரம் ஒருவருடைய சொந்தக் காரணத்தோடு பொருந்தினால், அது அவரை அதிகம் ஈர்த்தது என்றும் காட்டினார்கள். எல்லோருக்கும் ஒரே "வாருங்கள், சேவை செய்வோம்" சுவரொட்டியை ஒட்டும் நம் அமைப்புகள் இதைக் கவனிக்கலாம்.

விருப்பமே கேட்காமல் ஆளைப் பிடித்துப் போட்டால்? நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரம் என்று கணக்கு. விரும்பிச் சேர்ந்தவருக்கு அது பெரிய விஷயமில்லை. கட்டாயத் தொண்டை ஆராய்ந்து ஸ்டூகாஸ், ஸ்னைடர், கிளாரி ஆகியோர் 1999-ல் எழுதியது இது: தன்மீது திணிக்கிறார்கள் என்று உணர்ந்த மாணவர்களுக்கு, பிற்காலத்தில் தானாகத் தொண்டு செய்யும் எண்ணமே குறைந்தது. வருகைப் பதிவேட்டை மட்டும் பார்க்கும் கல்லூரிகளுக்கு இது உறைக்க வேண்டும்.

[காட்சி: கறுப்புத் தொலைபேசி. பக்கத்தில் கவிழ்த்து வைத்த புகைப்படம்.]

இதுவரை தொண்டரைப் பற்றியே பேசினோம். உதவி பெறுபவர் பக்கம் போக, ஸ்னைடரின் இன்னொரு ஆய்வு வேண்டும். 1977, எலிசபெத் டாங்கே, எலன் பெர்ஷைட் ஆகியோருடன் செய்தது. ஆண் மாணவர் ஒருவரும் பெண் மாணவர் ஒருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பத்து நிமிடம் தொலைபேசியில் பேச வேண்டும். பேசுவதற்கு முன் ஆணிடம் ஒரு புகைப்படம் தரப்பட்டது. அது பேசப்போகும் பெண்ணின் படமே அல்ல. சிலருக்கு அழகான முகம், சிலருக்கு அப்படி இல்லாதது. இந்த ஏற்பாடு அந்தப் பெண்களுக்குத் தெரியாது.

பிறகு உரையாடலில் பெண்ணின் குரலை மட்டும் பிரித்தெடுத்து, படத்தைப் பற்றி எதுவும் அறியாத வேறு ஆட்களிடம் போட்டுக் காட்டினார்கள். அழகி என்று தவறாக நினைக்கப்பட்ட பெண்கள், கேட்டவர்களுக்கு இனிமையாகவும் கலகலப்பாகவும் தெரிந்தார்கள். ஆண் தன் எதிர்பார்ப்புக்கு ஏற்ற தொனியில் பேசினான்; அந்தத் தொனிக்கு ஏற்றபடி அவள் பதில் சொன்னாள். அவன் நினைத்தது அவள் குரலில் உண்மையாகிவிட்டது.

[காட்சி: தேர்வறை. பார்வையற்ற மாணவி, அருகில் பேனாவுடன் ஒரு தொண்டர்.]

இதை இந்த அறையில் வைத்துப் பார்க்கிறேன். இங்கிருந்து சொல்வது என் ஊகம், ஸ்னைடரின் ஆய்வு அல்ல. பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதித்தரும் ஸ்கிரைப் வேலைக்குச் சென்னையில் எத்தனையோ பேர் மனமுவந்து போகிறார்கள். அவர்களில் ஒருவர், பாவம், இந்தப் பெண்ணால் எவ்வளவு சொல்ல முடியும் என்ற நினைப்போடு உட்கார்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "போதுமாம்மா? அடுத்த கேள்விக்குப் போகலாமா?" என்று பத்து மதிப்பெண் கேள்வியில் நாலாவது வரியிலேயே கேட்கிறார். அவளும் சுருக்கிக்கொள்கிறாள். விடைத்தாள் மெலிகிறது. நான் நினைத்தது சரிதான் என்று அவர் வீட்டுக்குப் போகிறார்.

இப்படிப்பட்ட தேர்வர்களுக்கு மணிக்கு 20 நிமிடமாவது கூடுதல் நேரம் தர வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதலே சொல்கிறது. அது அவள் யோசிப்பதற்கான நேரம். ஸ்கிரைப்பாகப் போகிறவர்கள் கேள்வித்தாளை முழுவதும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். எந்தக் கேள்வியில் தொடங்குவது என்பதை அவளே சொல்லட்டும். நடுவில் அவள் பேச்சை நிறுத்தினால், பேனாவை எடுக்காமல் காத்திருங்கள்.