நிலத்தை மிதிக்கப்போகும் விருந்தினர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

வட்டாரத்திலுள்ள தோட்டக் கழகங்களை எல்லாம் ஒரே தோட்டத்துக்கு அழைத்து, நிலப் பராமரிப்பைப் பற்றி ஒரு நாள் கூட்டம் நடத்தப்போகிறவர்களிடம் பேச வந்திருக்கிறேன். நாற்காலி, ஒலிபெருக்கி, சாப்பாடு இவற்றுக்கெல்லாம் என் யோசனை தேவைப்படாது. அன்றைக்கு அந்தத் தோட்டத்து மண் படப்போகும் பாட்டைத்தான் சொல்ல நினைக்கிறேன். மண்ணைக் காப்பது பற்றிப் பேசக் கூடியவர்களே அதை மிதித்துக் கெடுத்துவிட்டுப் போவது நடக்கக்கூடியதுதான்.

ஈரமான மண்ணில் கூட்டமாக நடந்தால், காற்றும் நீரும் புகும் நுண்துளைகள் நசுங்கிவிடும். பிறகு மழைநீர் உள்ளே இறங்காமல் மேலேயே ஓடும். வேர் இறங்கத் திணறும். இதில் கவனிக்க வேண்டியது, சேதத்தின் பெரும்பகுதி முதல் சில மிதிகளிலேயே நேர்ந்துவிடுகிறது என்பது. அதனால், “கூட்டமாகப் போகாமல் பரவலாக நடந்து பாருங்கள்” என்று சொல்வது நல்லெண்ணத்தில் சொல்லப்படும் தவறான யோசனை. ஒரே பாதையை ஒதுக்கி, மரச்சீவலையோ வைக்கோலையோ கனமாகப் பரப்பி, எல்லோரையும் அதிலேயே நடக்கவிடுங்கள். முந்தின இரவு நல்ல மழை பெய்திருந்தால் தோட்டச் சுற்றை ரத்து செய்யும் துணிவும் வேண்டும்.

வண்டிகளை மர நிழலில் நிறுத்தத்தான் எல்லோருக்கும் ஆசை. நீரை உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே, கிளைகளின் விரிவையும் தாண்டிப் பரவியிருக்கின்றன. வண்டிகள் வெயிலில் நிற்கட்டும்.

வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் முரட்டுத் தூரிகையும் வையுங்கள். செருப்பு, காலணிகளில் ஒட்டியிருக்கும் சேற்றோடு நோயும் பயணம் செய்யும். மேற்கு ஆஸ்திரேலியாவின் காடுகளில் மரங்களைப் பட்டுப்போகச் செய்யும் பைட்டோப்தோரா என்ற வேரழுகல் நுண்ணுயிரி, வண்டிச் சக்கரங்களிலும் நடப்பவர்களின் காலணிகளிலும் ஒட்டிய மண்ணோடு பரவுகிறது. அங்கே காட்டுப் பாதைகளில் காலணி சுத்தம் செய்ய இடங்கள் அமைத்திருக்கிறார்கள்.

செடிப் பரிமாற்ற மேசைக்கும் இதே எச்சரிக்கை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த உண்ணிச்செடியும் ஆகாயத்தாமரையும், பூ அழகாக இருக்கிறதென்று தோட்டக்காரர்கள் ஆசையோடு கொண்டுபோய் வளர்த்தவையே. இன்று ஒன்று காடுகளை அடைத்துக்கொண்டிருக்கிறது, மற்றது ஏரிகளை. ஆகவே பெயர் தெரியாத செடி மேசைக்கு வரக்கூடாது. மண்ணோடு தொட்டி வேண்டாம். விதையும், நடுவதற்கு வெட்டிய கிளைத்துண்டான போத்தும் போதும். விவரம் தெரிந்த ஒருவர் அங்கே உட்கார்ந்து, மனம் நோகாமல் மறுக்கட்டும். அன்றைய வேலைகளிலேயே கடினமானது இதுதான் என்பேன்.

நிகழ்ச்சி நிரலில் சொற்பொழிவுகளைக் குறைத்துவிட்டு மண்வெட்டியைக் கையில் கொடுங்கள். வைக்கோல், சருகு போன்றவற்றால் மூடாக்கு போட்ட இடத்தில் ஒரு குழி, வெறும் தரையில் ஒரு குழி. இரண்டிலிருந்தும் ஒரே அளவு மண் கட்டியை எடுத்து உடைத்து மண்புழுக்களை எண்ணச் சொல்லுங்கள். மணத்தையும் நிறத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். வாழ்நாளெல்லாம் மண்புழுக்களை ஆராய்ந்துவந்த சார்லஸ் டார்வின், 1881-இல் அவற்றுக்கென்றே ஒரு நூல் எழுதினார். நாம் அரை மணி நேரமாவது செலவிடலாம்.

காலையில் வந்தவுடன், கண்ணாடிக் குப்பியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு, நீரூற்றிக் குலுக்கி வைக்கச் சொல்லுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் தங்கும். அதன்மேல் வண்டல் படியச் சில மணி நேரம் ஆகும். களிமண் அடங்க ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அதனால் குப்பியை வீட்டுக்கே எடுத்துப்போகட்டும். அவரவர் தோட்டத்து மண்ணைக் கொண்டுவரச் செய்தால் விவாதம் தானே சூடுபிடிக்கும். ஒரே வட்டாரத்தில், நடந்துபோகும் தூரத்திலுள்ள இரண்டு தோட்டங்களின் மண் எவ்வளவு வேறுபடும் என்பது அப்போது தெரியும். ஒருவருக்குப் பலித்த முறை அடுத்தவருக்குப் பலிக்காததன் காரணம் பல நேரங்களில் அந்தக் குப்பியிலேயே இருக்கும்.

கடைசியாக மரக்கன்று நடும் சடங்கு. எனக்கு அதில் பெரிய மரியாதை இல்லை. படம் எடுத்து முடிந்ததும் கன்றை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நடத்தான் வேண்டுமென்றால், இரண்டு மூன்று கோடைகளுக்கு அதற்குத் தண்ணீர் ஊற்றப்போகிறவர் யார் என்று முன்கூட்டியே முடிவு செய்து, அவர் பெயரை அழைப்பிதழில் போடுங்கள். சிறப்பு விருந்தினரின் பெயருக்கு மேலே போட்டாலும் எனக்குச் சம்மதமே.

நன்றி, வணக்கம்.